‘டெஃப்’ என்ற ஆங்கிலச் சொல்: பொருள், பயன்பாடு, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்மாவுக்கு ஐம்பது வயதைத் தாண்டியதும் காது மந்தமாகத் தொடங்கியது. பரிசோதனைக்குப் போன இடத்தில் ஒரு ஆங்கிலப் படிவம் கொடுத்தார்கள். அதில் டெஃப், ஹார்ட் ஆஃப் ஹியரிங், ஹியரிங் இம்பேர்ட் என்று மூன்று கட்டங்கள். தினமும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கிறவன் நான், எனக்கே எந்தக் கட்டத்தில் குறி போடுவது என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு இந்தச் சொற்களைத் தேடித் தேடிப் படித்தேன். நண்பர்களும் உடன் வேலை செய்கிறவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

‘டெஃப்’ என்றால் சரியாக என்ன பொருள்?

காது கேளாத, அல்லது மிகக் குறைவாகவே கேட்கிற என்று பொருள். இது பெயரடை, அதாவது ஒருவரைப் பற்றிச் சொல்லும் அடைமொழி. பெயர்ச்சொல் வேண்டுமென்றால் ‘டெஃப்னெஸ்’, காது கேளாமை.

மிகப் பழைய சொல் இது. ஜெர்மன் மொழியில் ‘டௌப்’, டச்சு மொழியில் ‘டோஃப்’ என்று இதன் உடன்பிறப்புகள் இன்றும் இருக்கின்றன. ஆங்கிலத்தின் வட்டார வழக்கில், உள்ளே பருப்பு இல்லாத கொட்டையையும் ‘டெஃப் நட்’ என்று சொல்வது உண்டு. அதனால் இந்தச் சொல்லுக்குள் ‘உள்ளே ஒன்றுமில்லை’ என்ற நிழல் ஒன்று பழைய காலத்திலிருந்தே படிந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும். காது கேளாதவர்கள் இந்தச் சொல்லைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டு அந்த நிழலைத் துடைத்த கதையைக் கீழே சொல்கிறேன்.

எப்படி உச்சரிப்பது? டீஃப் என்று சிலர் சொல்கிறார்களே?

டெஃப். சமையற்கலைஞரைச் சொல்கிற ‘செஃப்’ போலவே ஒலிக்கும். எழுத்தில் ‘ஈஏ’ வருவதால் ‘லீஃப்’ மாதிரி நீட்டத் தோன்றும், ஆனால் இது ‘ஹெட்’, ‘பிரெட்’ வகையைச் சேர்ந்தது. டீஃப் என்பது பழைய உச்சரிப்பு, சில வட்டாரங்களில் இருந்தது. இன்று பொதுவாக யாரும் அப்படிச் சொல்வதில்லை. கடைசி ‘ஃப்’ தெளிவாக வரவேண்டும், இல்லையென்றால் சாவைக் குறிக்கும் ‘டெத்’ என்று காதில் விழுந்துவிடும்.

தமிழில் ‘செவிடு’ என்று எழுதினால் போதாதா?

அகராதிப்படி போதும், மனிதர்கள் நடுவில் போதாது. ஒரு சொல்லுக்குப் பொருள் இருப்பதுபோல எடையும் இருக்கிறது, இந்த இரண்டு சொற்களின் எடை ஒன்றல்ல. காது கேளாத ஒருவர் ஆங்கிலத்தில் ‘ஐ ஆம் டெஃப்’ என்று தன்னைத் தானே சொல்லிக்கொள்வது மிகச் சாதாரணம். பலர் பெருமையாகவே சொல்கிறார்கள். தமிழில் ‘செவிடு’ என்பது பெரும்பாலும் திட்டும்போதும் எரிச்சல்படும்போதும் வாயிலிருந்து வருகிற சொல்லாகிவிட்டது. ‘உனக்கென்ன காது செவிடா?’ என்ற கேள்வியை அன்பாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. ‘டமாரச் செவிடு’ என்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அதனால் ஆங்கிலத்தில் நல்ல மரியாதையோடு எழுதிய வாக்கியத்தை ‘செவிடர்’ என்று மொழிபெயர்த்தால், எழுதியவர் நினைக்காத ஒரு அவமதிப்பை நாம் நுழைத்துவிடுகிறோம். ‘காது கேளாதவர்’, ‘காது கேளாதோர்’ என்று நான் எழுதுகிறேன். அலுவல் நடையில் ‘செவித்திறன் குறைபாடு உடையோர்’ என்று வருகிறது. அதில் தவறில்லை, ஆனால் ஆங்கிலத்தில் நேராக ‘டெஃப்’ என்று இருக்கும்போது தமிழில் மட்டும் ‘குறைபாடு’ ஏன் வரவேண்டும் என்று ஒரு தடவை யோசித்துவிட்டுப் போடுங்கள். பழைய இலக்கியத்தை மொழிபெயர்க்கும்போது, அந்தப் பாத்திரம் திட்டுவதற்காகவே சொல்கிறது என்றால் ‘செவிட்டுப் பயலே’ என்றே போடலாம். அங்கே மென்மையாக்கினால் அதுதான் பிழை.

‘ஹார்ட் ஆஃப் ஹியரிங்’ என்றால்? இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. ‘காது கொஞ்சம் மந்தம்’ என்று நாம் சொல்வது இதற்கு மிக அருகில் வரும். கேட்கும் திறன் கொஞ்சமோ நிறையவோ குறைந்திருக்கும். ஆனாலும் காதுக்கருவி வைத்துக்கொண்டோ, வாய் அசைவைப் பார்த்துக்கொண்டோ, வசன வரிகளைப் படித்தோ பேச்சு மொழியிலேயே உலகத்தோடு பழகுகிறவர்களை இப்படிச் சொல்வார்கள்.

எங்கள் அம்மா ‘எனக்குக் காது கேட்கவில்லை’ என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ‘நீங்கள் எல்லாம் ஏன் இப்படி முணுமுணுக்கிறீர்கள்?’ என்றுதான் எங்களைக் கேட்டார். பரிசோதனை முடிந்து, கேட்கும் திறனை வரைபடமாகக் காட்டும் ஆடியோகிராம் தாளைக் கொடுத்தபோதுதான் காரணம் புரிந்தது. அதில் வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி போடுவார்கள். இடப்பக்கம் தாழ்ந்த சுருதி, வலப்பக்கம் உயர்ந்த சுருதி. கீழே போகப் போக, அந்த ஒலி காதில் விழ அவ்வளவு சத்தமாக இருக்க வேண்டும் என்று அர்த்தம். அம்மாவின் தாளில் வட்டங்களும் பெருக்கல் குறிகளும் இடப்பக்கம் மேலேயே இருந்துவிட்டு வலப்பக்கம் போகப் போகச் சரிந்து இறங்கின. உயிரெழுத்துகளின் பலம் பெரும்பாலும் தாழ்ந்த சுருதியில் இருக்கிறது. ‘ஸ்’, ‘த்’, ‘ட்’, ‘க்’ போன்ற மெய்களைப் பிரித்துக்காட்டும் நுணுக்கம் மேல் சுருதியில் இருக்கிறது. ஆகவே யாரோ பேசுவது நன்றாகவே கேட்கும், என்ன பேசுகிறார்கள் என்பதுதான் பிடிபடாது. ‘பத்து’, ‘பட்டு’, ‘பக்கு’ எல்லாம் ஒன்றுபோல ‘ப–உ’ என்று வந்து சேரும். இதைத்தான் அம்மா முணுமுணுப்பு என்றார். அவர் சொன்னது துல்லியமான வருணனை, நாங்கள்தான் அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டோம்.

படிவத்தில் ‘ஹார்ட் ஆஃப் ஹியரிங்’ கட்டத்தில் குறி போட்டேன்.

‘ஹார்ட் டு ஹியர்’, ‘ஹார்ட்லி ஹியர்’ என்று எழுதலாமா?

எழுதலாம், பொருள்தான் மாறிவிடும். ‘ஹார்ட் டு ஹியர்’ என்றால் ஒலி தெளிவாக இல்லை, யாருக்குமே கேட்பது சிரமம். மோசமான தொலைபேசி இணைப்பைப் பற்றி அப்படிச் சொல்வார்கள். ‘ஐ கேன் ஹார்ட்லி ஹியர் யூ’ என்றால் ‘நீங்கள் பேசுவது எனக்குக் கேட்கவே மாட்டேன் என்கிறது’, இந்த நிமிடத்துப் பிரச்சினை. ‘ஹார்ட் ஆஃப் ஹியரிங்’ மட்டும்தான் ஒரு மனிதரின் கேட்கும் திறனைப் பற்றியது. நடுவில் இருக்கும் ‘ஆஃப்’ கொஞ்சம் விசித்திரமாகத் தெரியும். பழைய ஆங்கில அமைப்பு ஒன்று இந்தத் தொடரில் தங்கிவிட்டது, அதனால் அப்படியே மனப்பாடம் செய்துகொள்வது நல்லது.

எத்தனை டெசிபல் இழப்புக்கு மேல் ‘டெஃப்’ என்று சொல்ல வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட அறிக்கையின் வகைப்பாட்டில், 20 டெசிபலுக்குக் குறைவான ஒலிகூடக் காதில் விழுந்தால் இயல்பான செவித்திறன். அதற்கு மேல் 35 வரை லேசான இழப்பு, 50 வரை மிதமானது, 65 வரை மிதமானதற்கும் சற்று மேல், 80 வரை கடுமையானது, 95 வரை மிகக் கடுமையானது, அதற்கும் மேல் முழு இழப்பு. மிகக் கடுமையானதை ஆங்கிலத்தில் ‘ப்ரொஃபவுண்ட்’ என்கிறார்கள். பெரும்பாலும் இந்த அளவில் இருப்பவர்களையே ‘டெஃப்’ என்றும், லேசானதிலிருந்து கடுமையானது வரை உள்ளவர்களை ‘ஹார்ட் ஆஃப் ஹியரிங்’ என்றும் அந்த நிறுவனம் சொல்கிறது. நன்றாகக் கேட்கிற காதிலேயே 35 டெசிபலுக்கு மேல் இழப்பு இருந்து உதவி தேவைப்படுகிறவர்கள் உலகில் சுமார் 43 கோடிப் பேர்.

எண்ணைப் பார்த்து ஒருவருக்குப் பெயர் வைக்காதீர்கள். ஒரே ஆடியோகிராம் உள்ள இருவரில் ஒருவர் சைகை மொழியில் வளர்ந்து தன்னை டெஃப் என்பார், இன்னொருவர் அறுபது வயதில் இழந்து ஹார்ட் ஆஃப் ஹியரிங் என்பார். இரண்டுமே சரி.

‘ஹியரிங் இம்பேர்ட்’ தானே மரியாதையான சொல்? பள்ளியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஒரு காலத்தில் நல்லெண்ணத்தோடு கொண்டுவந்த சொல்தான். ‘டெஃப்’ என்று முகத்துக்கு நேராகச் சொல்வது புண்படுத்தும் என்று காது கேட்கிறவர்கள் நினைத்தார்கள். ஆனால் ‘இம்பேர்ட்’ என்றால் பழுதுபட்ட என்று அர்த்தம் வருகிறது. ஒரு மனிதரைப் பழுதான பாகத்தை வைத்து அழைப்பது எப்படி மரியாதையாகும் என்று காது கேளாதவர்கள் கேட்டார்கள். உலகக் காது கேளாதோர் கூட்டமைப்பு 1991-லேயே ‘டெஃப்’, ‘ஹார்ட் ஆஃப் ஹியரிங்’ என்ற இரண்டையும் அதிகாரபூர்வமான சொற்களாக ஏற்றுக்கொண்டது. சட்டங்களிலும் மருத்துவத் தாள்களிலும் பழைய சொல் இன்னும் இருக்கிறது. தங்களை அப்படிச் சொல்லிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களைத் திருத்தப் போக வேண்டாம்.

பெயரை மென்மையாக்கப் போனால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டனில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. ஆர்என்ஐடி என்ற தொண்டு நிறுவனத்தின் வேர் 1911-இல் தொடங்குகிறது. அந்த முதலெழுத்துகளில் கடைசியில் வரும் ‘டி’ டெஃப்தான். 1992-இல் ‘தி டெஃப்’ என்பதை ‘டெஃப் பீப்பிள்’ என்று மாற்றினார்கள். 2011-இல் ‘ஆக்‌ஷன் ஆன் ஹியரிங் லாஸ்’ என்று முழுப் பெயரையே மாற்றி, டெஃப் என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். 2020-இல் மறுபடியும் ஆர்என்ஐடி என்ற பழைய பெயருக்கே திரும்பினார்கள்.

‘டெஃப் அண்ட் டம்ப்’ என்று சொல்வதில் என்ன தவறு? எத்தனையோ பள்ளிகளின் பெயரில் இருந்ததே?

இருந்தது, மறுக்கவில்லை. அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்ட் நகரில் 1817-இல் காது கேளாதோருக்காகத் தொடங்கிய பள்ளியின் முதல் பெயரிலேயே ‘டெஃப் அண்ட் டம்ப்’ உண்டு. இன்று அதன் பெயர் அமெரிக்கன் ஸ்கூல் ஃபார் தி டெஃப். மாற்றியதற்கு நல்ல காரணங்கள் இருக்கின்றன.

முதலில், அது உண்மையே இல்லை. காது கேளாத குழந்தையின் குரல்வளையில் பொதுவாக ஒரு கோளாறும் கிடையாது. பேச்சைக் கேட்டுத்தான் குழந்தை பேசக் கற்கிறது, கேட்காததால் தானாகப் பேச்சு வருவதில்லை, அவ்வளவுதான். அந்தக் குழந்தை சிரிக்கும், அழும், கத்தும், பயிற்சி கொடுத்தால் பேசவும் கூடும். அப்புறம், ‘டம்ப்’ என்பது முதலில் பேசாத என்ற பொருளில் இருந்து, பிறகு முட்டாள் என்ற பொருளுக்குச் சரிந்துவிட்டது. இன்றைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லைக் கேட்டதும் முதலில் நினைவுக்கு வருவது முட்டாள்தான். எல்லாவற்றையும் விட முக்கியமானது, அவர்கள் பேசாதவர்கள் அல்ல. கைகளாலும் முகத்தாலும் பேசுகிறார்கள். அமெரிக்க சைகை மொழி வெறும் சாடை அல்ல, தனக்கென இலக்கணம் உள்ள முழு மொழி என்று வில்லியம் ஸ்டோக்கி என்ற அமெரிக்க ஆய்வாளர் 1960-இல் மொழியியல் முறைப்படி எடுத்துக்காட்டினார். உலகில் 300-க்கும் மேற்பட்ட சைகை மொழிகள் இருக்கின்றன. பேச்சில் ஒரே ஆங்கிலம் பேசுகிற பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் சைகை மொழி வேறு வேறு, ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது.

‘டெஃப் மியூட்’ என்பதற்கும் இதே பதில்தான். தமிழில் ‘ஊமை’, ‘வாய் பேசாதவர்’ என்று காது கேளாதவரைச் சொல்வதையும் இதே காரணங்களுக்காக விட்டுவிடலாம். செய்திகளில் ‘காது கேளாத, வாய் பேச முடியாத’ என்று ஒரே மூச்சில் எழுதுவது இன்னும் நிற்கவில்லை. எழுதுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள்.

சில இடங்களில் நடு வாக்கியத்தில்கூட பெரிய எழுத்து ‘டி’ போட்டு எழுதுகிறார்களே, அச்சுப் பிழையா?

பிழை இல்லை, வேண்டுமென்றே செய்வது. சின்ன ‘டி’ போட்டால் காது கேளாமை என்ற உடல்நிலை. பெரிய ‘டி’ போட்டால் சைகை மொழியைத் தன் மொழியாகக் கொண்ட, தனக்கென வரலாறும் பழக்கங்களும் உள்ள ஒரு சமூகம். இந்த வேறுபாட்டை 1972-இல் ஜேம்ஸ் வுட்வர்ட் என்ற மொழியியலாளர் முன்வைத்தார். தமிழர், தெலுங்கர் என்று மொழியால் ஒரு மக்களைச் சொல்கிறோம் இல்லையா, கிட்டத்தட்ட அந்த மாதிரி.

இதற்குப் பின்னால் ஒரு வலி இருக்கிறது. 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்வி பற்றி ஒரு மாநாடு கூடியது. கலந்துகொண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் காது கேட்கிறவர்கள். வாய்ப்பேச்சு வழிக் கல்விதான் உயர்ந்தது என்று அவர்கள் தீர்மானம் போட, பல நாடுகளின் பள்ளிகளில் சைகை மொழி தடை செய்யப்பட்டது. தன் மொழியைப் பேசியதற்காகவே பிள்ளைகள் தண்டனை வாங்கினார்கள். அந்தத் தீர்மானங்களை நிராகரித்து, அதே மாநாட்டு வரிசை வருத்தம் தெரிவித்தது 2010-இல், வான்கூவரில். 130 வருடம்! அதற்கு நடுவில் 1988-இல் வாஷிங்டனில் காது கேளாதோருக்கான காலடெட் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள், எங்களுக்குக் காது கேளாத ஒருவரே தலைவராக வேண்டும் என்று போராடி வென்றார்கள். இவ்வளவையும் சுமந்துகொண்டுதான் அந்தப் பெரிய எழுத்து நிற்கிறது.

தமிழில் சிக்கல் என்னவென்றால் நமக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே கிடையாது. அதனால் மொழிபெயர்ப்பில் இந்த வேறுபாடு சத்தமில்லாமல் காணாமல் போகிறது. பெரிய ‘டி’ வரும் இடத்தில் ‘காது கேளாதோர் சமூகம்’ அல்லது ‘சைகை மொழிச் சமூகம்’ என்று நான் விரித்து எழுதுகிறேன். வரி கொஞ்சம் நீளும், பரவாயில்லை. இப்போது ஆங்கிலத்திலேயே சிலர், யார் பெரிய ‘டி’ யார் சின்ன ‘டி’ என்று பிரிப்பது ஆட்களை வெளியே தள்ளுகிறது என்று எல்லோருக்கும் ஒரே மாதிரி எழுதத் தொடங்கியிருக்கிறார்கள்.

‘தி டெஃப்’ என்று பொதுவாகச் சொல்லலாமா?

நிறுவனப் பெயர்களில் இருக்கிறது, அங்கே அப்படியே விட்டுவிடுங்கள். நீங்களாக எழுதும்போது ‘டெஃப் பீப்பிள்’ என்பது நல்லது, எல்லோரையும் ஒரே மூட்டையாகக் கட்டியது போல இருக்காது. ‘எ டெஃப்’ என்று ஒருவரைச் சொல்வது இலக்கணப்படியும் தவறு, கேட்கவும் நன்றாக இருக்காது. ‘எ டெஃப் பர்சன்’, ‘எ டெஃப் உமன்’ என்று சொல்லுங்கள்.

வாக்கியத்தில் எப்படிப் பயன்படுத்துவது?

பிறவியிலேயே என்றால் ‘பார்ன் டெஃப்’. பிறகு வந்தது என்றால் ‘பிகேம் டெஃப்’ அல்லது பேச்சு வழக்கில் ‘வென்ட் டெஃப்’. ‘கோயிங் டெஃப்’ என்றால் குறைந்துகொண்டே வருகிறது. ஒரு காது மட்டும் என்றால் ‘டெஃப் இன் ஒன் இயர்’, இங்கே ‘இன்’ தான் வரும். ‘டெஃப் டு’ என்று வந்தால் கவனம், அது காதைப் பற்றியது அல்ல. ‘டெஃப் டு ஹிஸ் ப்ளீஸ்’ என்றால் அவன் கெஞ்சியதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை என்று பொருள்.

‘ஸ்டோன் டெஃப்’, ‘டெஃப் அஸ் எ போஸ்ட்’ இரண்டும் நம் டமாரச் செவிடு ரகம். புரிந்துகொள்ளத் தெரிந்தால் போதும், பயன்படுத்த வேண்டாம்.

‘டெஃபன்’, ‘டெஃபனிங்’, ‘டெஃபன்ட்’ எல்லாம்?

‘டெஃபன்’ வினைச்சொல், காதை அடைக்கச் செய்வது. ‘டெஃபனிங் நாய்ஸ்’ நம் ‘காதைப் பிளக்கும் சத்தம்’ தான், கச்சிதமாகப் பொருந்தும். ‘டெஃபனிங் சைலன்ஸ்’ என்பதைப் பலர் ‘ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி’ என்று மொழிபெயர்க்கிறார்கள், அது தவறு. ஊசி விழும் அமைதி வெறும் நிசப்தம். இதுவோ யாராவது பேசியே ஆக வேண்டிய நேரத்தில் ஒருவரும் வாய் திறக்காமல் இருப்பது, அந்த மௌனமே உறைக்கிறது என்பது. ‘டெஃபன்ட்’ என்று ஒருவரைச் சொன்னால், பேச்சு மொழியில் வளர்ந்து பெரியவரான பிறகு கேட்கும் திறனை இழந்தவர் என்று பொருள்.

‘டர்ன் எ டெஃப் இயர்’, ‘ஃபால் ஆன் டெஃப் இயர்ஸ்’, ‘டோன் டெஃப்’ போன்ற தொடர்களுக்குத் தமிழில் என்ன?

முதலாவது ‘கேட்டும் கேளாதது போல இருப்பது’. இரண்டாவதற்கு ‘செவிடன் காதில் ஊதிய சங்கு’ என்ற பழமொழி உடனே வாயில் வரும். மூன்றாவது நேர்ப்பொருளில் சுருதி பிடிபடாதவர். இப்போது அதிகம் புழங்குவது இன்னொரு பொருள்: ஊரே துக்கத்தில் இருக்கும்போது ஒருவர் தன் கொண்டாட்டப் படத்தைப் போட்டால் அதை ‘டோன் டெஃப்’ என்கிறார்கள். ‘இடம் பொருள் ஏவல் தெரியாத’ என்பது இதற்கு அப்படியே பொருந்தும்.

இந்த மூன்றிலும் காது கேளாமை என்பது அலட்சியத்துக்கும் பிடிவாதத்துக்கும் உவமையாகிறது. கேட்க மறுப்பது வேறு, கேட்க முடியாதது வேறு. இது உறுத்துகிறது என்று காது கேளாதவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவின் தாளைப் பார்த்த பிறகு நான் சங்கு பழமொழியை எழுதுவதை விட்டுவிட்டேன். ‘விழலுக்கு இறைத்த நீர்’ இருக்கிறது, அது யாரையும் இழுப்பதில்லை.

‘டெஃப்பிளைண்ட்’ ஒரே சொல்லா?

ஒரே சொல்லாக, நடுவில் கோடு இல்லாமல் எழுதுகிறார்கள். கேளாமையும் பார்வையின்மையும் சேர்ந்தால் அது இரண்டின் கூட்டல் அல்ல, தனி நிலை என்பதால். ஹெலன் கெல்லர் 19 மாதக் குழந்தையாக இருந்தபோது ஒரு நோயில் இரண்டையும் இழந்தார். அவர் கற்றது உள்ளங்கையில் விரலால் எழுத்துக்கூட்டிய சொற்களின் வழியே.

காது கேட்கும் நம்மை அவர்கள் எப்படி அழைக்கிறார்கள்?

ஆங்கிலத்தில் ‘ஹியரிங் பீப்பிள்’. ‘நார்மல்’ என்று நம்மை நாமே சொல்லிக்கொண்டால் அவர்களை என்னவென்று சொல்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள்.

அமெரிக்க சைகை மொழியில் இது இன்னும் அழகு. ‘டெஃப்’ என்பதற்கு ஆள்காட்டி விரலால் காதருகே தொட்டு, பிறகு வாயருகே தொடுவார்கள். காது கேட்கிறவரைச் சொல்ல விரல் காதுக்குப் போவதே இல்லை. வாய்க்கு முன்னால் படுக்கைவாட்டில் விரலைச் சின்னச் சின்ன வட்டமாகச் சுழற்றுவார்கள், வாயிலிருந்து சொற்கள் உருண்டு வருவது போல. அவர்கள் பார்வையில் நாம் கேட்கிறவர்கள் அல்ல, சதா வாயால் பேசிக்கொண்டே இருக்கிறவர்கள்.

கடைசியாக, நேரில் ஒருவரிடம் எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது?

அவர் தன்னை எப்படிச் சொல்கிறாரோ அப்படி. தெரியவில்லை என்றால் கேட்டுவிடுங்கள். கேட்கும்போது அவருக்கு நேராக நின்று, முகத்தில் வெளிச்சம் விழும்படி, வாயைக் கையால் மறைக்காமல், இயல்பான வேகத்தில் கேளுங்கள். கத்த வேண்டாம், கத்தினால் வாய் அசைவு கோணிப் புரியாமல் போகும். புரியவில்லை என்றால் அதே வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லாமல் வேறு சொற்களில் சொல்லுங்கள், இல்லையென்றால் எழுதிக் காட்டுங்கள். ‘சரி விடுங்கள், ஒன்றுமில்லை’ என்று மட்டும் சொல்லாதீர்கள். எங்கள் வீட்டில் அம்மாவை அதிகம் அழவைத்தது அந்த வாக்கியம்தான்.